ஒற்றைக்கண் அரக்கனுக்கு என்ன நோய்?

வால்மீகி இராமாயணத்தில் கபந்தன் என்றோர் அரக்கன் வருகிறான். அவனுக்குத் தலை இல்லை, வயிற்றில் வாய், மார்பில் ஒரே ஒரு கண். கிரேக்கர்களின் ஒடிஸி காவியத்திலும் பாலிபீமஸ் என்னும் ஒற்றைக்கண் அரக்கன் உண்டு. அவன் ஆடு மேய்ப்பவன். இவ்விருவரையும் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் என்ன சொல்வார்?

“சைக்ளோப்பியா” என்பார். ஒற்றைக்கண்ணோடு பிறத்தல் என்பது பொருள். இது கதையில் மட்டும் வருவதன்று.

பழனி மலையில் பூம்பாறையைக் கடந்து மன்னவனூர் சென்றால், மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தையும் மேய்ச்சல் புல்வெளியையும் காணலாம். இதுபோன்ற மலைப் புல்வெளிகளில், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், 1950-களில் ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. தாய் ஆடுகளோ நலமாகவே இருந்தன!

ஆராய்ச்சியாளர் லின் ஜேம்ஸ் மந்தையோடு கோடைக்காலங்களைக் கழித்து, ஆடுகள் எதை மேய்கின்றன என்று கவனித்தார். குற்றவாளி அகப்பட்டது: வெராட்ரம் கலிபோர்னிகம் என்னும் காட்டுச்செடி. சினையின் 14-ஆம் நாளையொட்டி அதைத் தின்ற ஆடுகளுக்கே இத்தகைய குட்டிகள் பிறந்தன. செடியிலிருந்த நச்சுப்பொருளுக்கு ‘சைக்ளோபமைன்’ என்று பெயரிட்டனர்.

அது செய்யும் வேலை என்ன? கருவில் கண்கள் தொடக்கத்தில் ஒரே பரப்பாகவே இருக்கும். நடுக்கோட்டிலிருந்து வரும் ஒரு வேதிச் செய்தி, அதை இடம் வலம் எனப் பிரிக்கிறது. சைக்ளோபமைன் அந்தச் செய்தியைத் தடுத்துவிடுகிறது. பரப்பு பிரியாது, கண் ஒன்றாகிவிடும்.

அப்படியானால் பாலிபீமஸின் தாய் அந்தச் செடியைத் தின்றாளா? அவசரப்படாதீர்கள். கண் பிரியாதபோது மூளையும் சரியாகப் பிரிவதில்லை. மூக்கும் முறையாக அமைவதில்லை. அக்குட்டிகள் பிறந்து விரைவில் இறந்துவிடும். ஆகவே, அரக்கனின் முகம் நோயோடு பொருந்துகிறது. அவன் வளர்ந்து பெரியவனானது பொருந்தவில்லை. கபந்தனுக்கோ, இந்திரனின் வச்சிராயுதம் பட்டதே காரணம் என்கிறது காவியம்!

மனிதரிடமும் இத்தகைய துயரம் நடந்திருக்கிறது. தாலிடோமைடு என்னும் உறக்க மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கருவுற்ற தாய்மார் குமட்டலுக்காகவும் உட்கொண்டனர். 1961-இல் அது அங்கே திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும், பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடு போன்ற குறைகளோடு பிறந்தனர். கருத்தரித்தபின் ஏறத்தாழ 20 முதல் 36 நாட்களே ஆபத்தான காலம். ஆட்டைப் போலவே இங்கும் எந்த நாளில் உட்கொண்டார்கள் என்பதே முக்கியம்.

நஞ்சுக்கும் நற்பயன் உண்டு. சைக்ளோபமைன் தடுக்கும் அதே செய்திப் பாதையை ஆராய்ந்ததன் பயனாக, 2012-இல் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு ‘விஸ்மோடெகிப்’ என்னும் மருந்து வந்தது. கருவுற்றவர்கள் அதை உட்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் உங்களுக்கே இப்போது விளங்கும்.

நம் ஊர்களில் குழந்தை குறையோடு பிறந்தால், “கிரகணத்தன்று வெளியே வந்தாள்” என்று தாயைக் குறை கூறுவோர் உண்டு. இயற்பியல் படிக்கும் நீங்கள் அறிவீர்கள்: கிரகணம் வெறும் நிழல். நிழல் கருப்பைக்குள் நுழையாது; தாயின் இரத்தத்தில் கலந்த மருந்து நுழையும். எல்லாக் குறைகளுக்கும் மருந்தே காரணமன்று. பலவற்றுக்குக் காரணம் மரபணுவில் இருக்கும். தாயின் மேல் பழி போடுவது எதற்கும் விடையாகாது.

அடுத்த கிரகணத்தன்று உங்கள் வீட்டில் கருவுற்ற அக்காவோ அண்ணியோ இருந்தால், அறைக்குள் அடைத்து வைக்க வேண்டியதில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையானாலும், பச்சிலையானாலும், மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.