அவன் செக் செய்துவிட்டு ஏத்தினால்?

வெள்ளி இரவு, ஹொல்ஸ்டெப்ரோவில் நண்பன் வீட்டுக் குசினி. அப்பாமார் ஒரு காலத்தில் 304 அடிச்ச மேசையில நாங்கள் லிமிட் ஹோல்டெம் விளையாடுறம். காசில்லை, சிப் மட்டும். தோத்தவன் பீட்சா எடுக்கவேணும். மற்றவை போயிட்டினம், நாங்கள் ரெண்டு பேர்தான் மிச்சம்.

என் கையில் ஏஸ், கிங். ஃபிளாப்புக்கு முன்னம் ஆளுக்கு 20 போட்டாச்சு, நடுவில 40. ஃபிளாப் 9, 7, 2. அவன் செக். நான் 10 போட்டேன். உடனே 20 ஆக ஏத்தினான். நான் சீட்டை எறிஞ்சன். அவன் சிரிச்சுக்கொண்டு திருப்பிக் காட்டினான்: குயின், ஜாக். ஒண்டுமில்லை!

“மச்சான், நீ எப்பவும் எறிவாய்” என்றான். அதுதான் சுட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். லிமிட்டில் பெட்டின் அளவு நிலையானது. முதல் ரெண்டு சுற்றும் 10, பிறகு 20. அவன் ஏத்தினபோது நடுவில் 70. நான் இன்னும் 10 போட்டால் போதும், அதாவது எட்டில் ஒரு தடவை வென்றாலே நட்டமில்லை. அவனிடம் உண்மையிலேயே 9 ஜோடி இருந்தாலும், பொதுவாக எனக்கு உதவும் சீட்டு 6: மூன்று ஏஸ், மூன்று கிங். காணாத 47 சீட்டில் 6 என்றால் 12.8 சதவீதம். தேவை 12.5. அவன் புளஃப் அடிக்கிறதையே கணக்கில் எடுக்கேல்லை!

அவன் பக்கத்திலிருந்து பாருங்கோ. 20 போட்டு 50 எடுக்கப் பார்க்கிறான். நான் ஏழில் ரெண்டு தடவைக்கு மேல் எறிந்தால், எந்தக் குப்பைச் சீட்டிலும் அவனுக்கு லாபம். நான் எல்லாத் தடவையும் எறிந்துகொண்டிருந்தேன்.

இந்த இருவர் லிமிட் விளையாட்டைத்தான் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் போலிங் குழு, பின்லாந்தின் ஒஸ்காரி தம்மெலினோடு சேர்ந்து, 2015 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் தீர்த்துக் காட்டியது. புரோகிராமின் பெயர் செபியஸ். 4,800 புரொசஸர்கள், 68 நாட்கள். மணிக்கு 200 கை, நாளுக்கு 12 மணித்தியாலம், 70 வருசம் ஆடினாலும் அதை வெல்லலாம் என்று நீங்கள் உறுதியாகக் காட்ட முடியாது.

அது முகம் பார்க்கிறதில்லை. தன்னோடு தானே ஆடி, ஒவ்வொரு முடிவிலும் “மற்றதைச் செய்திருந்தால் எவ்வளவு கூட வந்திருக்கும்?” என்று வருத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வருத்தம் கூடின பக்கத்தை அடுத்த முறை அதிகம் தேர்வு செய்யும். தம்மெலினின் முறையில் வருத்தம் பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியமாக்கிவிடும். பழைய பிழை ஒரு தெரிவை நிரந்தரமாகப் புதைக்காது. (எனக்கும் அப்பிடி ஒரு பட்டன் வேணும்.) முடிவில் வருவது ஒரு கலவை. ஒரே கைக்கு சிலவேளை கோல், சிலவேளை திருப்பி ஏத்துறது.

மூன்றாவது ஆள் இருந்தால் இந்தத் தீர்வு செல்லாது, அதையும் சொல்லவேணும். எழுதிப் பார்க்க விருப்பமான ஆக்கள் 1950இல் ஹரோல்ட் கூன் தந்த மூன்று சீட்டுப் போக்கரில் தொடங்குங்கோ. ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

அடுத்த வெள்ளி, அதே மாதிரிக் கை. அவன் செக் செய்து ஏத்தினான். நான் கோல். டேர்னில் 4 வந்தது, அவன் 20 போட்டான். இப்ப விலை ஐந்துக்கு ஒன்று, என் சீட்டுக்குப் போதாது, எறிஞ்சன். அவன் காட்டினான், 9 இருந்தது.

பீட்சா நான்தான் எடுத்தேன்.