ஜெரேனியம் வளர்ப்பு

ஜெரேனியம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் தொட்டிகளில் வளர்க்கப்படும் அழகுச்செடி, தாவரவியலில் பெலார்கோனியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்ததாகும். இதன் இனங்களில் பெரும்பாலானவற்றின் தாயகம் தென்னாப்பிரிக்கா ஆகும்.

பெயர்க் குழப்பம்

1753 இல் லின்னேயசு இவற்றை ஜெரேனியம் பேரினத்திலேயே வைத்திருந்தார். 1789 இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே பெலார்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார். எனினும் தோட்டக்காரர்களிடையே பழைய பெயரே நிலைத்துவிட்டது. காயின் நுனி பறவையின் அலகு போல் நீண்டிருக்கும். இதனால், கொக்கையும் நாரையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து இவ்விரு பெயர்களும் அமைந்தன.

மலையிலும் சமவெளியிலும்

உதகமண்டலம், குன்னூர், கொடைக்கானல் ஆகிய ஊர்களின் குளிர்ந்த காற்றில் இச்செடி ஆண்டு முழுவதும் வெளியிலேயே செழித்து வளரும். சுற்றுலா சென்றவர்கள் அங்கிருந்து வாங்கி வரும் செடி, கோடையைத் தாண்டாமல் மடிவதே வழக்கம். பலர் இதற்கு நீர்க்குறைவே காரணம் என்று கருதி மேலும் நீர் ஊற்றுகின்றனர். செடி அதனால்தான் விரைவில் அழுகுகிறது. வெப்பமும் ஈரமும் ஒன்றாகச் சேரும்போது, மண்ணிலுள்ள பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகள் வேரையும் தண்டின் அடியையும் தாக்கிக் கருக வைக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வல்லத்திராக்கோட்டை போன்ற வெப்பமான ஊர்களில் இதனைக் குளிர்காலச் செடியாகக் கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி மாதத்தில் நடலாம். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியில் நிரப்ப வேண்டும். மண்தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாவதால் வேர்ப்பகுதி சற்றுக் குளிர்ந்திருக்கும். நெகிழித் தொட்டியில் இந்த நன்மை இல்லை. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். மாசி மாதம் வரை முழு வெயிலில் வைக்கலாம். பங்குனி முதல் காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் திண்ணைக்கு மாற்ற வேண்டும்.

வீட்டினுள் வளர்ப்பதாயின் வெயில் விழும் சன்னலோரம் தேவை. வெளிச்சம் குறைந்தால் தண்டு நீண்டு மெலியும், பூக்காது. வாடிய பூங்கொத்துகளைக் காம்போடு கிள்ளிவிட்டால் புதிய மொட்டுகள் தோன்றும்.

இனப்பெருக்கம்

பூக்காத கிளையின் நுனியை ஏறத்தாழ 10 செ.மீ. நீளத்தில், கணுவுக்குக் கீழே வெட்ட வேண்டும். கீழ் இலைகளை நீக்கி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, பின்னர் ஈரமணலில் நட வேண்டும். நெகிழிப் பையால் மூடினால் அழுகும். மூன்று அல்லது நான்கு வாரங்களில் வேர்விடும்.

நறுமண ஜெரேனியம்

பெலார்கோனியம் கிரேவியோலென்சு பூவுக்காக அன்றி, இலையிலிருந்து வடிக்கும் எண்ணெய்க்காக நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பயிரிடப்படுகிறது. சிட்ரோனெல்லால், ஜெரானியால் ஆகியவை இதன் முக்கியக் கூறுகளாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இதில் 'கொடைக்கானல் 1' என்னும் வகையை வெளியிட்டுள்ளது.

இதை ஒத்த ஒரு வகை 'கொசு விரட்டிச் செடி' என்று நாற்றங்கால்களில் விற்கப்படுகிறது. கனடாவில் நடத்தப்பட்டு 1996 இல் வெளியான ஆய்வில், இச்செடியை அருகில் வைத்திருந்தவர்களுக்குக் கொசுக்கடி குறையவில்லை எனத் தெரியவந்தது. மணத்துக்காக வளர்க்கலாம், கொசுவலைக்கு மாற்றாகாது.