சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு

நமது தோட்டங்களில் இப்போது சொந்தமாக வேன் வைத்திருப்பவர்களும், வெளியூர்களில் சாரதி வேலை பார்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மற்றவர்களும் ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று வாடகை வேனில் போகத்தான் செய்கிறோம். ஆகவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரியும் சின்ன விளக்குகளைப் பற்றி ஓட்டுகிறவர் மட்டுமல்ல, பக்கத்து சீட்டில் இருப்பவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்த வேண்டும். மஞ்சள் எரிந்தால் மெதுவாகப் போய் கராஜில் காட்ட வேண்டும். பொதுவான கணக்கு இதுதான். ஆனால் ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் நம்மாட்கள் தப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு காரும், அதற்குக் கீழே பாம்பு போல வளைந்த இரண்டு கோடுகளும் அதில் இருக்கும்.

சறுக்கலைத் தடுக்கும் கருவியின் விளக்கு அது. ஒவ்வொரு சில்லும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று இந்தக் கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். மழையில் வண்டி வளைவை விட்டு விலகப் பார்த்தால், சாரதி பிரேக்கை மிதிக்காமலே ஒரு சில்லை மட்டும் பிடித்து, இஞ்சினின் இழுவையையும் குறைத்து, வண்டியை வழிக்குக் கொண்டுவரும். 1995இல் ஜெர்மனியின் மேர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது, இன்று சின்னக் கார்களிலும் இருக்கிறது. முச்சக்கர வண்டியிலும் பழைய கொழுந்து லொறியிலும் தேட வேண்டாம்.

ஓடும்போது இந்த விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தால் பழுது இல்லை. சில்லு வழுக்குகிறது, கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கருவி நின்றுவிட்டது. சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் சறுக்கினால் கைகொடுக்க ஒன்றும் இல்லை. சில்லுக்குப் பக்கத்தில் உள்ள உணர்கருவியில் சேறு அப்பினாலும், ஒரு டயரை மட்டும் வேறு அளவில் போட்டாலும் இப்படி வரலாம்.

யாராவது 'ஓஃப்' சுவிட்சை அமத்தியிருந்தாலும் விளக்கு எரியும். தோட்டத்து மண் ரோட்டில் சேற்றில் புதைந்தால் அந்த சுவிட்ச் உதவும், ஏனென்றால் வெளியே வர சில்லு கொஞ்சம் சுற்றத்தான் வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

தேய்ந்த டயருக்கு இந்தக் கருவி பிடிமானம் தராது. றம்பொடை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து சூடேற்றினால் அதையும் குளிர வைக்காது. சின்ன கியரில்தான் இறங்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். அதோடு 'ஏ.பி.எஸ்.' விளக்கும் சேர்ந்து எரிந்தால் இன்னும் மோசம். அந்த வண்டியில் இறக்கம் இறங்கவே கூடாது, எவ்வளவு அவசரமானாலும் சரி.

இன்னொன்று. பழுதை மறைக்க விளக்கையே கழற்றிவிட்டு வண்டி விற்பவர்களும் உண்டு. சாவியைத் திருப்பியதும் இந்த எச்சரிக்கை விளக்குகள் சில விநாடி எரிந்து, இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பாவித்த வேன் வாங்கப் போகிறவர்கள், காசைக் கொடுக்கும் முன் சாவியைத் திருப்பச் சொல்லி, எது எரியவில்லை என்று பார்க்கவும்.