அறிவிப்பு வேறு, அரசாணை வேறு

நலத்திட்ட உதவி, பணி நியமனம், கட்டண உயர்வு, பட்டா மாறுதல் என மாநில அரசோடு தொடர்புடைய எந்தச் செய்தியானாலும், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைக் கைப்பேசியில் காட்டியபடி இ-சேவை மையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வரிசையில் நிற்போர் தமிழ்நாட்டில் ஏராளம். "எங்களுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை" என்று வாய்மொழியாகச் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பும் அலுவலர்களுக்கும் குறைவில்லை. கேட்பவரும் அரசாணை எண்ணைக் கேட்பதில்லை, மறுப்பவரும் எழுத்தில் மறுப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர் நுழைந்து, இலவசமாகக் கிடைக்கும் விண்ணப்பத்துக்கே ஐந்நூறும் ஆயிரமும் வாங்கிக்கொண்டு போகிறார்.

இந்தக் குழப்பத்தின் வேர், அரசு பேசுவதையும் அரசு ஆணையிடுவதையும் ஒன்றாகக் கருதுவதில் இருக்கிறது. சட்டமன்றப் பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ படிக்கும் அறிக்கை, விவாதத்துக்கு உட்படாத ஓர் அறிவிப்பு மட்டுமே. அதற்கு நிதி ஒதுக்கி, தகுதியை வரையறுத்து, செயல்படுத்தும் அலுவலரைக் குறிப்பிட்டு உரிய துறை அரசாணை வெளியிடும்வரை எந்த அலுவலகத்திலும் அதைக் காட்டிப் பயனை உரிமையாகக் கோர முடியாது. சட்டமுன்வடிவின் நிலையும் இதுவே: பேரவையில் நிறைவேறியபின் அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆவது பிரிவின்படி ஆளுநரின் ஒப்புதலையோ, அவர் அனுப்பிவைத்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையோ பெற்று, அரசிதழில் வெளியான பிறகே அது சட்டமாகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறிய, வேலைநேர வரம்பைத் தளர்த்தி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுத்த தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு, கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. அது திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதலமைச்சர் அறிவித்தார். "நிறைவேறியது" என்ற தலைப்புச் செய்தியோடு வாசிப்பை நிறுத்திக்கொண்ட தொழிலாளி, இல்லாத ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டவராகத் தம்மை எண்ணிக்கொள்ள நேரும்.

ஆகவே எந்தச் செய்தியைக் கண்டாலும் முதலில் தேட வேண்டியவை எண், நாள், துறை ஆகிய மூன்றும்தான். அரசாணையின் தலைப்பில் பொருளைச் சொல்லும் "சுருக்கம்" இருக்கும். அடுத்துத் துறையின் பெயரும், "அரசாணை (நிலை) எண்" என்றோ "அரசாணை (வாலாயம்) எண்" என்றோ தொடங்கும் வரிசை எண்ணும், நாளும் வரும். பல ஆணைகளில் ஆங்கில நாளுடன் தமிழ் மாதத் தேதியும் திருவள்ளுவர் ஆண்டும் சேர்ந்தே அச்சாகும். "படிக்கப்பட்டவை" என்ற பகுதி, இந்த ஆணைக்கு அடிப்படையான முந்தைய ஆணைகளையும் கடிதங்களையும் குறிப்பது. பொய்யாகத் தயாரிக்கப்படும் தாள்களில் பெரும்பாலும் இப்பகுதி இருப்பதில்லை, அல்லது பொருளுக்குத் தொடர்பற்ற எண்களால் நிரப்பப்பட்டிருக்கும். இறுதியில் "ஆளுநரின் ஆணைப்படி" என்ற தொடரும், அதன்கீழ் அரசுச் செயலாளரின் பெயரும், பெறுநர் பட்டியலும், நகலை அனுப்பும் பிரிவு அலுவலரின் கையொப்பமும் அமையும். முதலமைச்சரின் படமும் கட்சிக் கொடியின் வண்ணமும் கொண்ட ஒரு தாள், எவ்வளவு அழகாக இருந்தாலும், அரசாணை அன்று. செய்தி மக்கள் தொடர்புத் துறையின் செய்தி வெளியீடு நம்பத்தக்கது என்றாலும் அதுவும் ஆணை அன்று. ஆணையைத் தேட உதவும் துப்பு என்ற அளவிலேயே அதற்கு மதிப்பு.

எண்ணும் நாளும் துறையும் தெரிந்துவிட்டால், மாநில அரசின் இணையதளத்தில் துறைவாரியாகத் தொகுக்கப்பட்டுள்ள அரசாணைகளில் தேடலாம். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடும் அரசிதழில் சட்டங்களையும் விதிகளையும் அறிவிக்கைகளையும் காணலாம். ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, ஒரு திட்டம் உண்மையில் எவ்வளவு நடந்திருக்கிறது என்பதை அறிய நல்ல ஆவணம். அதைப் படிப்பவர்தான் அரிது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4, கேட்காமலேயே இத்தகைய விவரங்களை வெளியிடுவதைப் பொது அதிகார அமைப்புகளின் கடமையாக்கியிருக்கிறது. அப்படியிருந்தும் ஆணைகளைத் தாமதமாகவும், சொல்லை இட்டுத் தேட முடியாத மங்கலான படப்பிரதிகளாகவும் பதிவேற்றும் துறைகள், வதந்தி பரவுகிறதென்று பொதுமக்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை. மாநில அரசு 2023-இல் அமைத்த தகவல் சரிபார்ப்பகம் போலி ஆணைகளை மறுப்பதில் பயன்படுகிறது. ஆயினும் அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்க்கும் ஏற்பாடு என்பதால், அதன் மறுப்போடும் ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

தேர்தல் தொடர்பான தகவலில் அலுவலகம் மாறிப்போவது வழக்கமான பிழை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்கள் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பில், மாநிலத்தில் தலைமைத் தேர்தல் அதிகாரி வழியாக நடப்பவை; ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தல்களை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்னும் வேறோர் அமைப்பு. சட்டமன்ற வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களை மேடைப் பேச்சிலிருந்து அறிய வேண்டிய தேவையில்லை. அவர் வேட்புமனுவுடன் படிவம் 26-இல் தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரம் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்படுகிறது.

தேடியும் ஆணை கிடைக்கவில்லையெனில், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 6(1)-இன்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். அரசாணையின் நகல் வேண்டுமானால் சென்னை 600 009, தலைமைச் செயலகத்தில் உள்ள உரிய துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கும், பயனாளிகள் பட்டியல் போன்ற உள்ளூர் விவரம் வேண்டுமானால் அதைப் பராமரிக்கும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் முகவரியிட்டு, வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணமில்லை. தகவல் எதற்காக வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கவும் கூடாது என்று பிரிவு 6(2) கூறுகிறது.

விண்ணப்பங்களில் மிகுதியானவை வீணாவது வாசக அமைப்பினால்தான். "எனக்கு ஏன் உதவித்தொகை தரவில்லை" என்பது மனு. அதற்கு இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் கூட்டம். இச்சட்டத்தின்கீழ் பெறக்கூடியது அலுவலகப் பதிவில் உள்ள தகவல் மட்டுமே என்பதால், "இன்ன பொருள் குறித்து இன்ன நாள் முதல் இன்றுவரை வெளியிடப்பட்ட அரசாணைகள், வழிகாட்டு நெறிமுறைகள், திருத்தங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்கவும், அத்தகைய ஆணை ஏதும் இல்லையெனில் இல்லை என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்" என்று எழுதுவதே பயன் தரும். இரண்டாம் வரியை விட்டுவிடக் கூடாது; வதந்தியை முறிக்கும் ஆவணம் அந்த வரிக்குக் கிடைக்கும் பதில்தான். விண்ணப்பத்தின் நகலும் அஞ்சல் ஒப்புகையும் கையில் இல்லாமல் அடுத்த படிக்குச் செல்ல முயல்வது வீண்வேலை.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாமல் 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றுவது அலுவலரின் கடமை. பதிலுக்கான காலவரம்பு 30 நாட்கள். அது கடந்தபின் தரும் தகவலை நகல் கட்டணமின்றியே தர வேண்டும். பதில் வராதபோது அதே அலுவலருக்கே நினைவூட்டல் கடிதங்களை எழுதிக்கொண்டிருப்போர் பலர். அக்கடிதங்களால் காலக்கெடு நீள்வதில்லை, மேல்முறையீட்டுக்கான நாட்கள்தான் கரைகின்றன. பதில் கிடைத்த நாளிலிருந்தோ, பதிலே இல்லையெனில் காலவரம்பு முடிந்த நாளிலிருந்தோ 30 நாட்களுக்குள், அதே துறையில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேற்பட்ட நிலையில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீட்டை அனுப்ப வேண்டும். அவர் 30 நாட்களுக்குள், காரணத்தை எழுத்தில் பதிவுசெய்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், முடிவு செய்தாக வேண்டும். அதிலும் நிறைவில்லையெனில் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தாமதித்த பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கப் பிரிவு 20 ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த மேல்முறையீட்டோடு முதல் விண்ணப்பம், முதல் மேல்முறையீடு, கிடைத்த பதில்கள், அஞ்சல் ஒப்புகைகள் ஆகியவற்றின் நகல்களை நாள் வரிசையில் அடுக்கி இணைத்து அனுப்ப வேண்டும்.