வீட்டுக்குள் ஒரு வாசல்படி

“உனக்கென்னடியம்மா, கொடுத்து வைத்தவள்! வெயில் இல்லை, மழை இல்லை, உட்கார்ந்த இடத்தில் சம்பளம்!”

எதிர்வீட்டு மாமி இப்படிச் சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொள்வேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தானே நினைத்தேன்?

11 வருஷம் குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு எலெக்ட்ரிக் டிரெயினில் போய் வந்தவள் நான். 2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்ததும் எங்கள் கணக்குப் பிரிவை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். ஊரடங்கு போன பிறகும் எனக்கு அந்த ஏற்பாடே நிலைத்துவிட்டது. ‘அப்பாடா, இனி ஓட்டமும் நடையும் இல்லை’ என்று எத்தனை சந்தோஷம்!

ஆனால் நடந்தது வேறு. கட்டில்மேல் லாப்டாப், பக்கத்திலேயே காய் நறுக்கும் பலகை. “வீட்லதானே இருக்கே, சிலிண்டர் வருது பாரும்மா” என்பார் மாமியார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணெதிரே இருக்கும் மருமகள் வேலையில் இருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பகலெல்லாம் வீட்டு வேலை. தேங்கிய ஆபீஸ் வேலை ராத்திரி 11 மணி வரை. இடுப்பு வலியும் கண் எரிச்சலும்தான் மிச்சம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆறு மாதம் கழித்து ஒருநாள் வந்த என் தம்பி கேட்டான்: “ஏன்க்கா, இவன் ரகசியமாவே பேசறான்? தொண்டை சரியில்லையா?”

என் மூன்று வயது மகனுக்குத் தொண்டையில் ஒன்றுமே இல்லை. “உஷ்! அம்மா போன்ல இருக்கேன்” என்று நாள் முழுக்க நான் அதட்டி அதட்டி, குழந்தை சொந்த வீட்டிலேயே கிசுகிசுக்கப் பழகியிருந்தான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

யோசித்தபோதுதான் புரிந்தது. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பூத்தொடுத்துக்கொண்டும் ஊர்க்கதை பேசிக்கொண்டும் வந்த அந்த அரைமணி நேரம் வீண் இல்லை. ஆபீஸை இறக்கி வைத்துவிட்டு அம்மாவாக மாறி வீடு சேர அது ஒரு வாசல்படி. அதை இப்போது நானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

காலையில் குளித்து, வெளியே போகிற மாதிரி உடுத்தி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து 9.30-க்கு உட்காருவேன். ஜன்னலோரம் ஒரு மேஜை. அதில் வேறு எந்தச் சாமானும் கூடாது. திரை ஒரு கை தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில். பாதம் தரையில் பதிய வேண்டும். எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை போதும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளியிருக்கும் எதையாவது 20 விநாடி பார்ப்பேன். எனக்கு எதிர்வீட்டு முருங்கை மரம்! மத்தியானச் சாப்பாடு காலையிலேயே டிபன் பாக்ஸில் போய்விடும்.

குழந்தையை முற்பகலில் அத்தையும் பிற்பகலில் என் கணவரும் பார்த்துக்கொள்வதென்று பேசி வைத்தோம். ஆனால் 11 மணிக்கும் 4 மணிக்கும் பத்துப் பத்து நிமிஷம் முழுக்க அவனுக்கே. போனைத் தொட மாட்டேன். ஆறு மணிக்கு லாப்டாப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு இன்னொரு சுற்று. அங்கே அவன் எவ்வளவு கத்தினாலும் ‘உஷ்’ கிடையாது.

பிரசவ விடுப்பிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை பார்க்க நிர்வாகம் அனுமதிக்கலாம் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே கேட்கும்போதே வேலை நேரத்தையும் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிபன் பாக்ஸைப் பார்த்து முதலில் சிரித்த மாமியார் இப்போது, “அவ ஆபீஸ்ல இருக்கா, நானே வாங்கிக்கறேன்” என்று சிலிண்டர்காரரிடம் சொல்கிறார்.

பையனா? ஸ்கூல் விட்டு வரும்போது அவன் குரல் தெருமுனையிலேயே கேட்கிறது!