சிறு போர்ப்பொறியின் நரம்புகள்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம்மவர் பழமொழி. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்துப் பஞ்சரத பவனியைக் கண்டு வளர்ந்த நமக்கு அதன் உண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அப்பழமொழி இன்று மாணவர் விரும்பிச் சமைக்கும் போர் றோபோவுக்கும் பொருந்துவதாம்.

இரு பொறிகளை மோதவிடும் இவ்விளையாட்டு 1994 இல் சான்பிரான்சிஸ்கோ நகரிற் போட்டியாக உருப்பெற்று, 1998 இல் பிரித்தானியத் தொலைக்காட்சி வாயிலாகப் பெரும்புகழ் எய்தியது. மும்பை, சென்னை ஐ.ஐ.ரி. நிறுவனங்களின் விழாக்களிலும் இது இடம்பெற்றுள்ளது. பெரும்பொறிகளுள் சில 100 கிலோகிராமையும் விஞ்சும் நிறையுடையன. பிரித்தானியாவில் ‘எறும்பு’ வகுப்பினவோ 150 கிராமை விஞ்சலாகா. மாணவர்க்கு ஏற்றவை சிறியனவே.

அண்மையில் மாணவர் சிலர் தம் பொறியின் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டி நம்மிடம் வந்தனர். மேசைமேல் தூக்கிப் பிடித்தபோது அதன் சக்கரங்கள் பம்பரமாய்ச் சுழன்றன. சுவரில் முட்டியதும் பொறி உயிரற்று நின்றது. மோட்டரே பழுதெனக் கருதிப் புதியது வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தனர்.

இதன் மின்சுற்று எளியது. இருகலப் பற்றரியிலிருந்து புறப்படும் மின், ஆளி வழியாக இரு வேகக் கட்டுப்படுத்திகளை அடைந்து, அவற்றினின்று இரு மோட்டர்களுக்கும் செல்கின்றது. கட்டுப்படுத்தியிலிருந்து வாங்கிக்குச் செல்லும் மூன்று கம்பிகளுள் சிவப்பு 5 வோல்ற்றும், கறுப்பு மறைமுனையும், மற்றையது கட்டளையும் தாங்குவன. கறுப்புக் கம்பி அறுந்தால் கட்டளை பொருளற்றதாகும். இரு கட்டுப்படுத்திகளும் 5 வோல்ற்று வழங்குமாயின், ஒன்றின் சிவப்புக் கம்பியைப் பிரித்து, முனையைக் காப்பிட்டு வைத்தல் நன்று.

பழுது தேடுவோன் முதலில் ஆயுதத்தின் அலகைக் கழற்றிச் சக்கரங்களை நிலத்தினின்று உயர்த்துக. பற்றரியைக் கழற்றிய பின்னரே இணைப்புகளைத் தொட்டு அசைத்துப் பார்க்க. பின்பு பல்மானியை எடுத்துப் பற்றரியிலிருந்து ஒவ்வொரு படியாக அளந்து செல்க. முழுமையாக மின்னேற்றிய இருகலப் பற்றரி 8.4 வோல்ற்றுக் காட்டும். பற்றரியில் உள்ள அழுத்தம் கட்டுப்படுத்தியில் இல்லையேல் பழுது அவ்விரண்டிற்கும் இடையிலேயே உள்ளது. ஒரு சக்கரம் மட்டும் சுழலாவிடின் இரு மோட்டர்களையும் இடம் மாற்றி இணைக்க. பழுது மோட்டரோடு சென்றால் குற்றம் மோட்டரினது. பழைய பக்கத்திலேயே நின்றால் கட்டுப்படுத்தியையோ வாங்கியையோ ஆராய்க. காசு செலவின்றி உண்மை வெளிப்படும்.

இனி, நம் மாணவரின் பொறிக்கு நேர்ந்தது யாது? ஆளியருகே பற்றாசு சரிவர உருகாது, இணைப்பொன்று பெயரளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் தடை 1 ஓம் எனவும், பற்றரி 8 வோல்ற்று எனவும் கொள்வோம். சக்கரங்கள் தடையின்றிச் சுழலும்போது 0.2 அம்பியரே பாயுமாயின் இணைப்பில் இழப்பது 0.2 வோல்ற்றே, எவரும் அறியார். பொறி முட்டி மோட்டர்கள் நின்றுவிடின், 4 ஓம் தடையுடைய இரு மோட்டர்களும் சமாந்தரமாக 2 ஓம் ஆகும். இணைப்போடு மொத்தம் 3 ஓம். ஓட்டம் ஏறத்தாழ 2.7 அம்பியர். இணைப்பு மட்டுமே 2.7 வோல்ற்றை விழுங்க, எஞ்சுவது 5.3. அதிலிருந்து வாங்கிக்கு உறுதியான 5 வோல்ற்று வழங்குதல் அரிது. வாங்கி மயங்கப் பொறி நிற்கும். ஓய்விற் காட்டாத குறையைச் சுமை காட்டிவிடுகின்றது. மாந்தர்க்கும் இது பொருந்தும். மாணவர் அவ்விணைப்பை மீளப் பற்றவைத்தனர். பொறி சுவரோடு மல்லாடியது. மோட்டர்க் காசு மிஞ்சியது.

எச்சரிக்கையொன்று. இலிதியம் பற்றரியின் இரு கம்பிகளையும் ஒருங்கே வெட்டலாகாது. கத்தரியே குறுஞ்சுற்றாகித் தீ எழும். வீங்கிய பற்றரியைப் பயன்படுத்தற்க. மின்னேற்றுகையில் அதற்குரிய மின்னேற்றியையே கொண்டு, தீப்பற்றாத தளத்தில் வைத்து, அருகிருந்து காக்க.

பழைய மாணவர்களுள் மின்தொழில் வல்லார் பலர் உளர். அவர்கள் ஒரு சனிக்கிழமையை இளையோர்க்கு ஈந்து, பல்மானி பிடிக்கக் கற்பிப்பாராயின், அதுவே இவ்விழாவுக்கு அவர் அளிக்கும் நற்பரிசாகும். ஊகித்து உறுப்பை மாற்றுவோன் பொருளை இழப்பான். அளந்து காண்போன் அறிவைப் பெறுவான்.