இளங்குற்றவாளியின் வழித்துணைவர்

நீதிமன்றத்திலிருந்து ஓர் இளைஞன் வெளியே வருகின்றான். வயது பதினேழு. அயலவர் ஒருவரின் துவிச்சக்கர வண்டியைக் களவாடி விற்றமை அவன் செய்த குற்றம். அதனை அவன் ஒப்புக்கொண்டான். எனினும் அவன் சிறைக்குச் செல்லவில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரின் மேற்பார்வையிற் குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்து காட்டுமாறு நீதவான் ஆணையிட்டார். வாயிலில் நின்ற சிலர், "பையன் தப்பிவிட்டான்" என்று பேசிக்கொள்கின்றனர். வண்டியைப் பறிகொடுத்தவருக்கோ தமக்கு நீதி கிடைக்கவில்லை என்ற மனக்குறை. தாய் மட்டும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இனி எல்லாம் சரியாகிவிடும் என எண்ணுகின்றாள்.

இவர்கள் எண்ணங்களுள் ஒன்றேனும் முழு உண்மையன்று. இளைஞன் தப்பவுமில்லை; எல்லாம் சரியாகிவிடவுமில்லை. சிறைச்சுவர் செய்திருக்க வேண்டிய காவலை இனி ஒரு மனிதர் செய்ய வேண்டும். சுவராற் செய்ய இயலாத வேறொன்றையும் அவர் செய்தல் வேண்டும். அம்மனிதரின் பணி யாது, அதன் அருமை எங்கே உள்ளது என்பன பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டியவை.

குற்றம் செய்தவரைச் சமூகத்தின் நடுவிலேயே வைத்து மேற்பார்வை செய்யும் முறை இரு வகைப்படும். சிறைக்கு அனுப்புவதற்கு மாற்றாக, நீதிமன்றமே ஒருவரை நிபந்தனைகளுடன் வெளியே விடுவது ஒன்று. இதுவே நன்னடத்தைக் கண்காணிப்பு. தண்டனையின் ஒரு பகுதியைச் சிறையிலோ சீர்திருத்த நிலையத்திலோ கழித்தவரை, எஞ்சிய காலத்துக்கு நிபந்தனைகளுடன் விடுவிப்பது மற்றொன்று. இது 'பரோல்' எனப்படும். பரோல் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'வாக்கு' என்பதே பொருள். போரிற் பிடிபட்ட வீரன், மீண்டும் படைக்கலம் ஏந்துவதில்லையென வாக்குக் கொடுத்து விடுதலை பெறும் பழைய வழக்கிலிருந்து அச்சொல் சிறைத்துறைக்கு வந்து சேர்ந்தது. ஆகவே இவ்விரு முறைகளுக்கும் அடித்தளம் ஒன்றே. இளைஞன் ஒரு வாக்குக் கொடுக்கின்றான். அதனைக் காப்பாற்ற ஒருவர் அவனுக்குத் துணை நிற்கின்றார்.

இத்துணைமையை முதலிற் செய்து காட்டியவர் நீதிபதியுமல்லர், அரச அலுவலருமல்லர். அமெரிக்காவின் பொஸ்டன் நகரிற் சப்பாத்துத் தைக்கும் தொழில் செய்த ஜோன் ஒகஸ்டஸ் என்பவரே அவர். 1841 ஆம் ஆண்டிற் குடிப்பழக்கத்துக்காக நீதிமன்றில் நிறுத்தப்பட்ட ஒருவருக்கு அவர் பிணை நின்றார். மூன்று வாரங்கள் கழித்து அம்மனிதர் குடியை விட்டவராக, தோற்றத்திலும் மாறியவராக மன்றுக்கு வந்தபோது, நீதிபதி ஒரு சதமே தண்டமாக விதித்து, வழக்குச் செலவுடன் அவரை விடுவித்தார். அதன் பின்னர் ஒகஸ்டஸ் இளையோர் பக்கமும் திரும்பினார். 1847 ஆம் ஆண்டில் ஏழு வயது முதல் பதினைந்து வயது வரையான 19 சிறுவருக்கு அவர் பிணை நின்றார். 1859 இல் இறக்கும் முன்னர் ஏறத்தாழ 2,000 பேர் அவருடைய பிணையால் வெளியே வந்தனர். அவர் கண்ணை மூடிக்கொண்டு பிணை நின்றவரல்லர். ஒவ்வொருவரின் குணம், வயது, அவரைச் சூழ்ந்திருக்கும் சேர்க்கை என்பவற்றை ஆராய்ந்த பின்னரே பொறுப்பேற்றார். இன்றைய நன்னடத்தை உத்தியோகத்தர் மன்றுக்குக் கொடுக்கும் அறிக்கையின் வித்து இங்கேதான் உள்ளது.

பரோல் முறையும் அதே நூற்றாண்டில் வளர்ந்தது. நியூ யோர்க் மாநிலத்தில் எல்மைரா என்னுமிடத்தில் 1876 இல் திறக்கப்பட்ட சீர்திருத்த நிலையம், பதினாறு முதல் முப்பது வயது வரையான, முதன்முறை தண்டனை பெற்ற ஆண்களுக்கு உரியது. அங்கு நன்னடத்தையாலும் உழைப்பாலும் கல்வியாலும் தகுதி பெற்றவர் விடுவிக்கப்பட்டனர். விடுதலையான ஒவ்வொருவரும் ஆறு மாத காலம், தமக்கென நியமிக்கப்பட்ட பாதுகாவலர் ஒருவரிடம் மாதந்தோறும் தம் நிலையை அறிவிக்க வேண்டும். 1878 இல் மசாசூசெற்ஸ் மாநிலம் சம்பளம் பெறும் நன்னடத்தை உத்தியோகத்தரைச் சட்டத்தால் ஏற்படுத்தியது. 1899 இற் சிக்காகோ நகரிற் சிறுவர் நீதிமன்றம் தோன்றியது. 1907 இல் இங்கிலாந்து இயற்றிய சட்டம், இவ்வுத்தியோகத்தரின் கடமையை மூன்று வினைகளில் அடக்கிக் கூறியது. அறிவுரை கூறல், உதவி செய்தல், நட்புக் கொள்ளல் என்பன அவை. சட்டம் ஒருவரை நோக்கி 'நண்பனாக இரு' எனக் கட்டளையிடுவது அரிதினும் அரிதாகும்.

இலங்கையில் 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டமும், 1944 ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும் இப்பணிக்கு வழி வகுத்தன. தொடக்கத்தில் இது சிறைச்சாலை நிருவாகத்தோடு இணைந்திருந்தது. 1956 இல் நன்னடத்தைக்கும் சிறுவர் பராமரிப்புக்குமெனத் தனித் திணைக்களம் அமைந்தது. மாகாண சபைகள் ஏற்பட்டதன் பின்னர், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்திற்கு இணங்க, இப்பணியின் பெரும்பகுதி மாகாணங்களிடம் சென்றது. சிறையதிகாரியின் மேசையிலிருந்து சிறுவர் நலம் பேணுவோர் மேசைக்குக் கோப்பு மாறியது, பெயர் மாற்றம் மாத்திரமன்று; நோக்கின் மாற்றமுமாகும்.

இனி, உத்தியோகத்தரின் பணியை நெருங்கிப் பார்த்தல் தகும். தீர்ப்புக்கு முன்னரே அவருடைய வேலை தொடங்குகின்றது. இளைஞனின் வீட்டுக்குச் சென்று, தந்தை வேலைக்குப் போகின்றாரா, தாய் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றாள், பையன் பாடசாலையை எந்த வகுப்பில் விட்டான், ஏன் விட்டான், மாலையில் யாருடன் திரிகின்றான் என்பவற்றை அவர் கேட்டறிகின்றார். கேட்டவற்றை உள்ளவாறே மன்றுக்கு எழுதுகின்றார். அவ்வறிக்கை இரக்கத்தாற் பூசிய சித்திரமாகவும் இருத்தலாகாது. குற்றப் பத்திரிகையின் மறுபதிப்பாகவும் இருத்தலாகாது.

ஆணை பிறந்த பின்னர் முதற் சந்திப்பு. நிபந்தனைகளை இளைஞனுக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைப்பதே அன்றைய தலையாய வேலை. குறித்த நாட்களில் வந்து காண வேண்டும். இருப்பிடம் மாறினால் அறிவிக்க வேண்டும். வேலையிலோ படிப்பிலோ நிலைக்க வேண்டும். பொருள் விளங்காமல் "ஓம் ஐயா" என்று தலையசைத்தவன் வாக்குக் கொடுத்தவனாகான். எனவே தேர்ந்த உத்தியோகத்தர், "தம்பி, நான் சொன்னதை நீ ஒருமுறை சொல்லு பார்ப்போம்" என்று அவன் வாயாலேயே சொல்லச் செய்வார்.

வீட்டைச் சென்று பார்ப்பதிலும் ஒரு நயம் வேண்டும். கிராமத்திற் படலையடியில் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் நின்றால், வேலிக்கு அப்பால் நாலு தலைகள் நிமிரும். மறுநாள் சந்தையில் அதுவே பேச்சாகும். பையன் திருந்துவதற்கு முன்னரே அவன் பெயர் நிலைத்துவிடும். ஆகையால், பிறர் செவிக்கு எட்டாமற் பேசவும், அவன் வேலை செய்யும் இடத்திற் குற்றத்தைப் பறைசாற்றாமல் விசாரிக்கவும் அவர் கற்றிருக்க வேண்டும். பெண்பிள்ளையாயின் இவ்வவதானம் இருமடங்காக வேண்டும். ஒரு பெண்ணின் மேல் விழும் ஊர்ப்பேச்சு மன்றின் தண்டனையிலும் நீண்ட காலம் வாழும்.

இனி, இப்பணியின் அருமையான இடம். அந்தப் பதினேழு வயது இளைஞன் ஒரு வாகனம் திருத்துமிடத்தில் வேலைக்கு அமர்கின்றான் எனக் கொள்வோம். இரு தவணைகள் அவன் உத்தியோகத்தரைக் காண வரவில்லை. நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. உடனே மன்றுக்கு எழுதினால் அவன் மீண்டும் கூண்டிலேற நேரும்; முதற் குற்றத்துக்கான தண்டனையே இப்போது விதிக்கப்படவுங் கூடும். எழுதாது விட்டால், வாக்கு என்பது விளையாட்டு என அவன் எண்ணுவான். மன்றமும் தன்னை நம்பியிருந்த உத்தியோகத்தரால் ஏமாற்றப்பட்டதாகும். நண்பனாக இருக்கச் சொன்ன சட்டமே முறைப்பாடு செய்யவுஞ் சொல்கின்றது. இவ்விரண்டையும் ஒருவரே தாங்குவது எங்ஙனம்?

அனுபவமிக்கோர் முதலில் 'ஏன்' என்று கேட்பர். தேடிச் சென்று விசாரிக்கையில், வேலை தந்தவருக்குத் தன் வழக்கைப்பற்றிச் சொல்ல நாணி, வாரநாளில் விடுமுறை கேட்க வழியின்றி அவன் வராதிருந்தமை வெளியாகலாம். அவ்வாறாயின் அது வாக்கை உடைக்கும் எண்ணமன்று. கிடைத்த வேலையைக் காக்கும் அச்சம். சந்திப்பு நேரத்தை மாலைக்கு மாற்றினால் வேலையும் நிற்கும், வாக்கும் நிற்கும். ஆயினும் தவறியது தவறியதே. அதனை அவனுக்கு எச்சரிக்கையாகச் சொல்லி, கோப்பிலும் ஒளியாது எழுதி வைத்தல் வேண்டும். மாறாக, அவன் பழைய கூட்டாளிகளோடு இரவிற் சுற்றித்திரிந்து, மீண்டும் களவிற் கைவைத்தானாயின், மன்றுக்கு உண்மையை அறிவிப்பதே கடமை. அப்பொழுதும் இளைஞனுக்குத் தெரியாமல் அறிக்கை போதலாகாது. "உன்னைப்பற்றி இன்னது எழுதப் போகின்றேன்" என்று முகத்துக்கு நேரே சொல்பவரையே இளைஞன் பின்னாளில் நம்புவான். மறைத்துக் காட்டும் இரக்கமும் மறைவிற் செய்யும் முறைப்பாடும் நட்புக்கு ஒருங்கே பகையாவன.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்னும் பழமொழியைக் காட்டி, இம்முயற்சி வீண் என்பாரும் உளர். ஐந்துக்கும் ஐம்பதுக்கும் இடையிற் பதினேழு என்றும் ஒரு வயது உண்டென்பதை அவர் மறந்துவிடுகின்றனர். குற்றச் செயல்கள் பதின்பருவத்தின் பிற்பகுதியில் மிகுந்து, வயது ஏறக் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எண்ணிப் பார்த்துச் செய்யும் ஆற்றல் இருபது வயதுக்குப் பின்னரும் முதிர்ந்துகொண்டிருப்பதை மூளையைப்பற்றிய இன்றைய அறிவும் உரைக்கின்றது. வேலை, குடும்பம், மதிப்பு ஆகியன வந்து சேரும்போது பெரும்பாலார் தாமாகவே குற்றத்தை விட்டு விலகுகின்றனர். அவை வந்து சேரும்வரை இளைஞனைக் கெடாது காப்பதே உத்தியோகத்தரின் முயற்சி. சிறையோ, பல சமயங்களில், அவை வரும் வழியையே அடைத்துவிடுகின்றது.

எனினும் உத்தியோகத்தர் ஒருவரால் வேலையை உண்டாக்க முடியாது. பாடசாலைக் கதவைத் திறக்கவும் முடியாது. பையனை மீண்டும் வகுப்பில் இருத்துவதா என்பது தலைமையாசிரியர் கையில் உள்ளது. பணப்பெட்டியிருக்கும் கடையில் அவனை நம்பி நிறுத்துவதா என்பது முதலாளியின் உள்ளத்தில் உள்ளது. ஊரில் ஒரு பொருள் காணாமற் போகுந்தோறும் முதலில் அவன் வீட்டைத் தட்டுவதா என்பது அயலவர் பண்பில் உள்ளது. வண்டியை இழந்தவரும் மறக்கப்படலாகாது. உழைத்த பணத்திற் சிறுகச் சிறுக அந்த இழப்பை ஈடு செய்யும் இளைஞன், செய்த பிழையின் விலையைச் சிறையிலிருந்து கற்பதினும் தெளிவாகக் கற்கின்றான்.

குறித்த காலம் முடியும் நாளில் விழா எடுப்பார் இல்லை. இளைஞன் கடைசி முறையாக வந்து கையொப்பமிடுகின்றான். கோப்பு மூடப்படுகின்றது. இனி வர வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. ஆயினும் சில மாதங்கள் கழித்து, வேலையில் ஏதோ சிக்கல் எழ, கட்டாயமின்றியே அவன் அந்த வாயிலுக்கு வந்து, "ஐயா, ஒன்று கேட்க வேண்டும்" என நிற்பானாயின், சட்டம் சொன்ன மூன்று வினைகளும் நிறைவேறிவிட்டன என்பதற்கு அதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.